செங்குருதி – 17: பெருத்த அணுக்களும் புனேயின் ஆறு கிராமங்களும்

சென்ற வாரம் பாஸ்டனில் நின்றிருந்தோம். 1926இல் மைனட்டும் மர்ஃபியும் நோயாளிகளைத் தட்டு நிறையக் கல்லீரல் தின்ன வைத்து, அதுவரை ஆளைக் கொன்றே தீரும் என்றிருந்த ஒரு ரத்தசோகையை வென்றார்கள். இந்த வாரம் நாம் போய்ச் சேர வேண்டிய ஊர் புனே. அங்கே ராஸ்தா பேட்டையில், சர்தார் முதலியார் சாலை என்று நமக்குப் பழகிய பெயர் கொண்ட தெருவில் கே.இ.எம். மருத்துவமனை இருக்கிறது. ஆனால் நேராக அங்கே போக முடியாது. பம்பாய், குன்னூர், திருவல்லிக்கேணி, நியூயார்க் என்று சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். புனே கேட்ட கேள்வியின் முதல் பாதி அந்த ஊர்களில்தான் கேட்கப்பட்டது.

ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அகலம் 7 முதல் 8 மைக்ரோமீட்டர். உடலின் மிக மெல்லிய ரத்தக் குழாய்களான தந்துகிகள் பல இடங்களில் அதைவிடக் குறுகலானவை. அணு உடம்பை ஒடுக்கி, மடித்து, ஒற்றை வரிசையில் நுழைந்து, பிராணவாயுவைக் கொடுத்துவிட்டு மறுபக்கம் வெளியேறுகிறது. இப்படி ஓடித் தேய்ந்து மடியும் அணுக்களுக்கு ஈடாக எலும்பு மச்சை நொடிக்கு 20 லட்சத்துக்கும் மேல் புதிய அணுக்களைச் செய்து அனுப்பியாக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் தாயணு பலமுறை பிளக்க வேண்டும். ஒவ்வொரு பிளவுக்கும் முன்னால் டிஎன்ஏ முழுவதும் நகலாக வேண்டும். அந்த நகல் வேலை தடைபட்டால் அணு பிளக்காமல் பெருத்துக்கொண்டே போகும். அப்படிப் பெருத்தவற்றில் பெரும்பகுதி மச்சைக்குள்ளேயே செத்துவிடும். தப்பித்து ரத்தத்துக்கு வருபவை முட்டை வடிவத்தில், அளவுக்கு மீறிய உருவத்தில், எண்ணிக்கையில் மிகக் குறைவாக மிதக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் பழகிய கண்ணுக்கு உடனே தெரியும்.

1928இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸின் கண்ணுக்கு அது தெரிந்தது.

அப்போது அவருக்கு 40 வயது. கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் படித்தவர். முதல் உலகப் போர் தொடங்கிய காலத்தில் தென்னாப்பிரிக்காவில் செவிலியராக வேலை பார்த்தபோது மருத்துவத்தின் மேல் நாட்டம் வந்து, லண்டன் திரும்பி மருத்துவம் படித்து 1920இல் தேறியவர். நோயாளிக்கு வைத்தியம் பார்ப்பதைவிட ஆய்வுக்கூடத்தில் நோயின் காரணத்தைத் தேடுவதே அவருக்குப் பிடித்திருந்தது. பேறுகால மரணங்களை ஆராய ஒரு விசாரணை இந்தியாவில் தொடங்கியிருந்தது. அதில் ரத்தசோகையைக் கவனிக்க ஆள் வேண்டும் என்று மார்கரெட் பால்ஃபர் அழைக்க, பரேலில் உள்ள ஹாஃப்கின் நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தார்.

பம்பாய் அன்று பஞ்சாலைகளின் நகரம். கர்ப்பம் முற்ற முற்ற வெளுத்து, மூச்சு வாங்கி, கால் வீங்கி மருத்துவமனைக்கு வரும் பெண்கள் ஏராளம். பலர் பிள்ளை பெறும் முன்பே இறந்தார்கள். சிலர் பெற்ற சில நாளில். இந்தச் சோகைக்குக் கிருமி காரணமா, குடற்புழு காரணமா, தட்பவெப்பம் காரணமா என்று ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், வில்ஸ் பெண்களின் சமையலறையைப் பார்க்கப் போனார். எஸ்.என். தல்படேயுடன் சேர்ந்து, பம்பாய்ப் பெண்கள் எந்த வீட்டில் எப்படி வாழ்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று கணக்கெடுத்து 1930இல் வெளியிட்டார். யாருடைய தட்டில் கீரை, பழம், பால், இறைச்சி எல்லாமே குறைவோ அவர்களிடம் நோய் அதிகம். ஏழை முஸ்லிம் பெண்களின் நிலைதான் ஆக மோசம். இந்த இடத்தைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். நுண்ணோக்கியில் கண்டதை அடுப்படி வரை பின்தொடர்ந்து போகலாம் என்று எண்ணிய ஆராய்ச்சியாளர்கள் அந்நாளில் மிகச் சிலரே. அவர்களில் ஒருவர் பம்பாய் மில் குடியிருப்புகளில் நடந்தது நம் நல்லூழ்.

அடுத்த நிறுத்தம் நீலகிரி. 1929 கோடையில் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்துக்குப் போனார் வில்ஸ். ராபர்ட் மெக்காரிசன் அங்கே உணவியல் ஆய்வுக்கூடம் நடத்திக்கொண்டிருந்தார். பின்னாளில் ஹைதராபாதுக்குப் பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது அதுதான். பம்பாயின் ஏழைப் பெண்கள் சாப்பிட்ட அதே உணவை வெள்ளெலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். எலிகளுக்குச் சோகை வந்தது. சினையுற்ற எலிகள் குட்டி போடுமுன் செத்தன. உணவில் ஈஸ்ட் சேர்த்தால் சோகை வரவில்லை. ஆனால் எலிகளின் மேல் பேன் இருந்தது, அது பரப்பும் தொற்றும் சோகையைத் தரும் என்பது பிறகு தெரிந்தபோது, இந்தச் சோதனையின் மீதே சந்தேகம் விழுந்தது. வில்ஸ் அதை மூடி மறைக்கவில்லை. பம்பாய் திரும்பி, ரீசஸ் குரங்குகளை வைத்து எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

குரங்குகளில் ஒன்று சாகக் கிடந்தது. எதைக் கொடுத்தும் தேறவில்லை. கடைசியில் மார்மைட் கொடுத்தார்கள். பீர் காய்ச்சியபின் மிஞ்சும் ஈஸ்டிலிருந்து இங்கிலாந்தில் செய்து டப்பாவில் விற்கும் கறுத்த, உவர்ப்பான விழுது அது; ரொட்டியில் தடவித் தின்பார்கள். குரங்கு எழுந்து உட்கார்ந்தது. சில நாட்களில் அதன் ரத்தத்தில் இளஞ்சிவப்பணுக்கள் கூட்டமாக வந்து இறங்கின. மச்சை மீண்டும் வேலைக்குத் திரும்பியதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. பிறகு கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார். அவர்களும் பிழைத்தார்கள். 1931 ஜூன் 20 தேதியிட்ட பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை வந்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில் சென்னையில் கோஷா ஆஸ்பத்திரியிலும் அவர் வேலை செய்தார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்ற பெயரில் இருக்கும் அதே இடம். அங்கே மகப்பேற்றுக்குப் போகும் பெண்களில் எத்தனை பேருக்கு இந்தச் செய்தி தெரியும்? வாசலில் ஒரு கல்வெட்டு வைத்தால் தகும்.

வில்ஸ் கவனித்த இன்னொன்றுதான் இந்த அத்தியாயத்தின் அச்சு. பாஸ்டன் நோயாளிகளைக் காப்பாற்றிய கல்லீரலை வடித்துச் சுத்திகரித்து ஊசிமருந்தாக்கியிருந்தார்கள். அந்தச் சுத்தமான சாறு பம்பாய்ப் பெண்களிடம் பலிக்கவில்லை. சுத்திகரிக்காத கல்லீரல் சாறு பலித்தது, மார்மைட்டும் பலித்தது. நுண்ணோக்கியில் இரண்டு நோய்க்கும் ஒரே பெருத்த அணுதான். ஆனால் காரணம் வேறு. சுத்திகரிப்பில் தொலைந்துபோன ஏதோ ஒரு பொருள் இருக்கிறது, அது முதலாவதல்ல, இரண்டாவது பொருள் என்று அவர் சொன்னார். ‘வில்ஸ் காரணி’ என்றே பல ஆண்டுகள் அதை அழைத்தார்கள்.

1941இல் அமெரிக்காவின் டெக்சாஸில் நான்கு டன் பசலைக்கீரையை அரைத்து வடித்து மிச்செல், ஸ்னெல், வில்லியம்ஸ் மூவரும் ஃபோலிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார்கள். 1945இல் நியூயார்க் மாநிலத்தின் பெர்ல் ரிவர் ஊரிலுள்ள லெடர்லி ஆய்வுக்கூடம் அதைச் செயற்கையாகச் செய்துகாட்டியது. அந்த ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சித் தலைவர் எல்லாப்ரகடா சுப்பாராவ். பீமவரத்துப் பிள்ளை, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் படித்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் கதராடை அணிந்து பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானவர். உணவின் சத்து உடம்பில் ஒட்டாமல் வயிற்றோடு போய்விடும் ஸ்ப்ரூ நோய்க்குத் தன் சகோதரரைப் பறிகொடுத்தவர். தானும் அதே நோயில் படுத்து எழுந்தவர். ஸ்ப்ரூவிலும் சிவப்பணு பெருக்கும். அதற்கும் ஃபோலிக் அமிலம்தான் மருந்து என்று அவருடைய ஆய்வுக்கூடம் செய்த பொருளைக் கொண்டே தெளிவாயிற்று. 1948இல் தமது 53ஆம் வயதில் இறந்துபோன சுப்பாராவுக்கு உரிய மரியாதையை நாம் செய்யவில்லை என்பது என் எண்ணம். அவருடைய குழு ஃபோலிக் அமிலத்துக்கு எதிரான பொருள்களைச் செய்து கொடுத்ததும், அவற்றைக் கொண்டு சிட்னி ஃபார்பர் குழந்தைகளின் ரத்தப் புற்றை எதிர்த்து நின்றதும் தனிக் கதை. அதற்கு ஒரு வாரம் முழுவதும் வேண்டும்.

இங்கேதான் வழி பிசகியது. ஃபோலிக் அமிலம் கைக்கு வந்ததும், பாஸ்டன் வகைச் சோகைக்கும் அதையே கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தம் அழகாகத் தேறியது. அணுக்கள் சரியான அளவுக்கு வந்தன. எல்லோருக்கும் மகிழ்ச்சி. மாதங்கள் கழித்து, ரத்தம் நன்றாக இருக்கும்போதே, நோயாளிகளுக்குக் கால் மரத்தது, நடை தள்ளாடியது, முதுகுத் தண்டு கெட்டது. 1940களின் பிற்பகுதியில் இது மருத்துவ இதழ்களில் அடுத்தடுத்து வெளிவந்தது. அவர்களுக்கு இல்லாமல்போயிருந்தது ஃபோலிக் அமிலமல்ல. 1948இல் அமெரிக்காவின் மெர்க் நிறுவனத்திலும் இங்கிலாந்தின் கிளாக்ஸோவிலும் தனித்தனியே செந்நிறப் படிகமாகப் பிரித்தெடுக்கப்பட்ட பி12.

இரண்டு சத்தும் உடலில் ஒரே இடத்தில் கைகோக்கின்றன. பி12 இல்லாவிட்டால் உடலிலுள்ள ஃபோலேட் (ஃபோலிக் அமிலத்தின் இயற்கை உரு) ஒரு வடிவத்தில் போய் முடங்கிவிடும். அதை விடுவிக்க பி12தான் வரவேண்டும். முடங்கினால் டிஎன்ஏ வேலை நிற்கும், அணு பெருக்கும். மாத்திரையாக வரும் ஃபோலிக் அமிலமோ முடங்கிய இடத்தைத் தொடாமல் வேறு வழியாக உள்ளே நுழைந்து டிஎன்ஏ வேலையை முடித்துக் கொடுத்துவிடும். மச்சை பிழைத்துக்கொள்ளும். நரம்புக்கு அப்படிக் குறுக்குவழி இல்லை. அதே சந்திப்பில் நடக்கும் இன்னொரு காரியமும் நின்றுபோகும்: ஹோமோசிஸ்டீன் என்ற பொருளை மாற்றிப் பயன்படுத்துவது. அது ரத்தத்தில் தேங்கும். பிறவிக் கோளாறால் ஹோமோசிஸ்டீன் மிகுந்து இறந்த குழந்தைகளின் தமனிகள் கிழவர்களின் தமனிகளைப் போலத் தடித்திருந்ததை 1969இல் கில்மர் மெக்கல்லி எழுதினார். அணுவில் தொடங்கிய சிக்கல் இப்படித்தான் குழாய்க்கும் வந்து சேர்ந்தது.

இனிப் புனே.

ராஸ்தா பேட்டை மருத்துவமனைக்கு 1944இல் பானு கோயாஜி வந்தபோது அது 40 படுக்கைகள் கொண்ட மகப்பேற்று விடுதி. அவர் காலத்தில் 550 படுக்கைகளாக வளர்ந்தது. மருத்துவமனை நகரத்துக்குள்ளேயே இருந்தால் போதாது, கிராமத்துக்குப் போக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் அவர். அதற்காக 1993இல் மக்சேசே விருது பெற்றார். அதே 1993இல், அதே மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாஞ்ஞிக், புனே மாவட்டத்தில் ஆறு கிராமங்களில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். பிறக்கும்போது எடை குறைந்த குழந்தைகளுக்கு நடுவயதில் இதயக் குழாய் நோய் அதிகம் வருகிறது என்று இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் டேவிட் பார்க்கர் கண்டிருந்தார். அப்படியென்றால் எடை குறைந்தே பிறக்கும் நம் பிள்ளைகளின் கதி என்ன? சவுத்தாம்ப்டனின் கரோலைன் ஃபாலும் புனே அகர்கர் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஷோபா ராவும் உடன் நின்றார்கள்.

திருமணமான பெண்களைக் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே தொடர்ந்து, ஏறக்குறைய 800 கர்ப்பங்களைக் கவனித்தார்கள். உணவு, வேலைச்சுமை, ரத்தம், குழந்தையின் எடை, தோலடிக் கொழுப்பு என்று எல்லாம் அளந்தார்கள். தாய்மார்களின் சராசரி எடை 42 கிலோவை ஒட்டி. சவுத்தாம்ப்டன் குழந்தை 3.5 கிலோ இருக்கையில் இங்கே 2.7 கிலோ. ஆனால் அந்த ஒல்லிக் குழந்தையின் உடம்பில் குறைந்திருந்தது தசை. கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. ஒல்லியாகத் தெரியும் உடலுக்குள் கொழுப்பு. பெரியவர்களிடமும் இதே கதைதான் என்பதற்கு யாஞ்ஞிக் தம்மையே சாட்சியாக்கினார். லண்டனின் ஜான் யட்கினும் அவரும் அருகருகே நிற்கும் படம் 2004இல் லான்செட் இதழில் வந்தது. இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு 22.3. உடற்கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஞ்ஞிக்குக்கு 21.2.

கீரை, பழம், பால் சேர்த்துக்கொண்ட தாய்மாருக்குக் குழந்தை பெரிதாகப் பிறந்தது என்பது 2001இல் வெளிவந்தது. பம்பாய்ச் சமையலறைகளில் வில்ஸ் எழுதிவைத்த பட்டியலைக் கிட்டத்தட்ட அப்படியே படிப்பதுபோல் இருக்கிறது. பிறகு சேமித்து வைத்திருந்த ரத்தத்தில் வைட்டமின்களை அளந்தார்கள். ஃபோலேட் குறைந்த தாய் எத்தனை பேர்? ஒரே ஒருவர். பி12 குறைந்தவர்கள்? மூன்றில் இரண்டு பங்கு. பி12 போதாமல் உடல் தவிப்பதைக் காட்டும் மெத்தில்மலோனிக் அமிலம் 90 சதவீதத்தினரிடம் உயர்ந்திருந்தது.

வில்ஸ் தேடிய சத்து இந்தக் கிராமங்களுக்கு வந்து சேர்ந்துவிட்டது. கீரையிலும் பயறிலும் அது உண்டு. போதாததற்கு 1970இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் கர்ப்பிணிகளுக்கு அரசு கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையில் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருந்தது. வராதது மற்றது. பி12 எந்தச் செடியிலும் இல்லை. நுண்ணுயிர்கள் மட்டுமே அதைச் செய்கின்றன. நமக்கு இறைச்சி, மீன், முட்டை, பால் வழியாகத்தான் கிடைக்கிறது. சோள ரொட்டியும் பருப்பும் உண்டு, பாலைக் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஊற்றிவிடும் குடும்பத்தில் அதற்கு இடம் எங்கே? இது வறுமை மட்டுமல்ல. புனேயில் 441 நடுவயது ஆண்களை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட கணக்கில் 67 சதவீதத்தினருக்கு பி12 குறைவு. நகரத்து நடுத்தர வர்க்கத்தினரில் மட்டும் எடுத்தால் 81 சதவீதம். 58 சதவீதத்தினருக்கு ஹோமோசிஸ்டீன் உயர்ந்திருந்தது. சைவ உணவா அசைவ உணவா என்ற சண்டைக்கு இந்த எண்களை எடுத்துப்போவதில் எனக்கு உடன்பாடில்லை. யார் என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்ல அந்த ஆய்வு நடக்கவில்லை. சாப்பிடுவதில் எது விடுபடுகிறது என்று சொல்லவே நடந்தது.

இத்தனை பேருக்குக் குறைவு என்றால் மருத்துவர் கண்ணில் ஏன் படவில்லை? நம் ஊரில் இரும்புச் சத்தும் சேர்ந்தே குறைவு. இரும்பு குறைந்தால் அணு சிறுக்கும். பி12 குறைந்தால் பெருக்கும். இரண்டும் ஒரே உடம்பில் கூடினால் ஆய்வக அறிக்கையின் சராசரி அளவு ஒழுங்காகவே தெரியும். அதன்மேல் ஃபோலிக் அமிலமும் போனால் பெருத்த அணு கண்ணுக்குத் தட்டுப்படுவது இன்னும் அரிது. வில்ஸுக்கு வழிகாட்டிய அணு, இந்தத் தாய்மாரிடம் வாய் திறக்காது.

2008இல் டயபெட்டாலஜியா இதழில் யாஞ்ஞிக் குழுவின் கட்டுரை வந்தது. குழந்தைகளுக்கு ஆறு வயதாகியிருந்தபோது எடுத்த ரத்தத்தை ஆராய்ந்தது அது. கர்ப்பத்தில் ஃபோலேட் மிகுந்து, பி12 குறைந்திருந்த தாய்மாரின் பிள்ளைகளிடம்தான் இன்சுலின் சரியாக வேலை செய்யாத தன்மை எல்லோரையும்விடக் கூடுதல். நீரிழிவுக்கும், அது அரிக்கும் ரத்தக் குழாய்களுக்கும் அதுவே முதல் படி. 1940களில் நோயாளியின் முதுகுத் தண்டில் தெரிந்த ஏற்றத்தாழ்வு, இங்கே அடுத்த தலைமுறையின் உடம்பில் தெரிகிறதோ என்ற ஐயம் எழுந்தது.

அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டிய இடம் இது. இரண்டும் சேர்ந்து காணப்பட்டன என்பதே ஆய்வு சொன்னது. இதனால் அது வந்தது என்று அதை வைத்து மட்டும் அறுதியிட முடியாது. ஹோமோசிஸ்டீன் விஷயத்திலும் அப்படியே: வைட்டமின் கொடுத்து அதைக் குறைத்தும் மாரடைப்பு குறையவில்லை என்று 2006இல் வெளிவந்த பெரிய சோதனைகள் காட்டின. ஃபோலிக் அமிலத்தைக் கெட்டது என்று ஒதுக்கவும் கூடாது. கரு உருவாகும் வாரங்களில் அது கிடைத்தால் குழந்தையின் முதுகுத் தண்டுக் குறைபாடுகள் பெருமளவு தவிர்கின்றன என்று 1991இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஐயத்துக்கிடமின்றி நிறுவியது. மாத்திரையைத் தூக்கி எறியும் கர்ப்பிணி தன் பிள்ளைக்குத் தீங்குதான் செய்கிறாள்.

சேர்ந்து காண்பதற்கும் காரணத்துக்கும் உள்ள இடைவெளியைக் கடக்க ஒரே வழி, கொடுத்துப் பார்ப்பது. ஆறு கிராமங்களில் 1994 முதல் 1996 வரை பிறந்த அந்தக் குழந்தைகள் பதின்பருவத்தை எட்டியதும், 2012இல் பிரியா என்ற பெயரில் அந்தச் சோதனை தொடங்கியது. ஆணும் பெண்ணுமாக அவர்களில் ஒரு பிரிவினருக்கு நாளுக்கு 2 மைக்ரோகிராம் பி12, இன்னொரு பிரிவினருக்கு அதனுடன் பிற நுண்சத்துகளும், மூன்றாவது பிரிவினருக்கு வெற்று மாத்திரை. கர்ப்பம் தரித்தபின் கொடுப்பது தாமதம், திருமணத்துக்கு முன்பே தொடங்க வேண்டும் என்பது யாஞ்ஞிக்கின் வாதம். 2 மைக்ரோகிராம் என்பது கண்ணுக்கே தெரியாத தூசு. அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளை அளந்தபோது, பி12 பெற்ற தாய்மாரின் பிள்ளைகள் சிந்தனை, மொழி வளர்ச்சி சார்ந்த சில மதிப்பீடுகளில் முன்னால் நின்றார்கள். இதயத்தையும் குழாய்களையும் பற்றிய பதிலுக்கு அந்தப் பிள்ளைகள் இன்னும் வளர வேண்டும்.

2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் மகாராஷ்டிரத்தில் 54.2 சதவீதத்தினருக்கும் தமிழ்நாட்டில் 53.4 சதவீதத்தினருக்கும் ரத்தசோகை. இரும்பும் ஃபோலிக் அமிலமும் அரை நூற்றாண்டாகக் கொடுத்த பிறகும் இந்த எண் இப்படி இருக்கிறது. அந்த மாத்திரையில் பி12ஐயும் சேர்க்க வேண்டும் என்று கேட்பவர்களின் பக்கம்தான் நான். அதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்றும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணியிடம் ஹீமோகுளோபினுக்கு எடுக்கும் ரத்தத்திலேயே, குறைந்தபட்சம் மாவட்டத்துக்குச் சில இடங்களில், பி12ஐயும் அளந்து பார்க்கலாம். புனேக்கு ஆறு கிராமங்களின் கணக்கு கையில் இருக்கிறது. திருவண்ணாமலைக்கும் தருமபுரிக்கும் அப்படியொரு கணக்கு வேண்டும்.

(தொடரும்)